ஓதம் பார்க்கும் மாமா

நிந்தவூரில் பெண்பிள்ளை பெற்ற வாப்பாவுக்கு வீட்டுக் கவலை தொட்டிலிலேயே தொடங்கிவிடுகிறது. ஏனெனில், மணமகன் பெண்வீட்டுக்கு வந்து குடியேறுவதே இக்கிழக்குக் கரைச் சோனகரின் வழமையாதலால், சீதன வீடொன்றில்லாமல் கலியாணப் பேச்சு வாசற்படியைத் தாண்டுவது அபூர்வம். கட்டுவதற்குக் காலமும் காணியும் வாய்க்காதவர், கட்டிய வீட்டை விலைக்குத் தேடுவார். தேடுகிறார் என்ற செய்தி கசிந்த மறுகணமே, எவரும் அழையாமல், சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் உடன் புறப்படுவார். அவரே ஓதம் பார்க்கும் மாமா.

உறுதி, வரைபடம், எல்லைக்கல் முதலிய அற்ப விஷயங்களை அவர் நொத்தாரிசுக்கு விட்டுவிடுவார். உள்ளே காலடி வைத்ததும் கண்ணை மூடி ஒரு நீண்ட மூச்சிழுப்பார்; பிறகு நாடி பார்க்கும் பரியாரியைப் போலப் புறங்கையைச் சுவரில் வைத்து மௌனமாக நிற்பார். அம்மௌனத்தில் வீட்டுக்காரருக்கு வியர்க்கும். "புதுசா பெயின்ட் அடிச்சிரிக்கி போல," என்று சொல்லிவிட்டு, அலுமாரியை நகர்த்தச் சொல்வார். விற்கும் வீட்டில் அலுமாரி நிற்குமிடம் தற்செயலாய் அமைவதில்லை என்பது அவர் சித்தாந்தம். அது பொய்த்து நான் பார்த்ததில்லை.

வெறும் வாயாடியென்று தள்ளிவிட இயலாதபடி அவரிடம் விஷயஞானமும் உண்டு. அடியிலிருந்து இடுப்பளவு ஏறிய கறை நிலத்து நீரென்றும், மேலிருந்து இறங்கியது ஓட்டின் பிழையென்றும், குளியலறையோரம் மட்டும் நிற்பது குழாயின் கசிவென்றும் பிரித்துரைப்பார். அத்திவாரத்தின் மேல், மேசன்மார் டீ.பீ.சீ. என்கிற தார்ப்படையை இடாது எழுப்பிய செங்கற்சுவர் நுண்துளைகளினூடே நீரை உறிஞ்சுவதும், கழுவாத கடல்மணல் கலந்த பூச்சு தன் உப்பினால் காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொண்டு கோடையிலும் வெண்பொருக்காய்ப் பூப்பதும், அதன்மேல் சீமெந்தை அப்பினால் வெளியேற வழியற்ற நீர் இன்னும் உயரே ஏறுவதும் அவருக்குக் கரதலபாடம். 2004இல் கடல் ஏறிய பகுதியில் பழைய சுவர் ஏதும் எஞ்சியிருந்தால் அதைத் தனியே விசாரிப்பார். சந்தேகம் மிகுந்தவிடத்தில் பொலித்தீன் தாளொன்றை நாற்புறமும் ஒட்டுவித்து, இரண்டு நாளின் பின் சுவர்ப்பக்கம் வியர்த்திருந்தால் ஓதம் சுவருக்குள்ளே, அறைப்பக்கம் வியர்த்திருந்தால் காற்றோட்டம் போதாதென்று தீர்ப்பளிப்பார். கோடையில் வீடு பார்க்கிறவர் மீது அவருக்குள்ள அனுதாபமோ சொல்லுந்தரமன்று. "டிசம்பர் மாரியில வந்து பாக்கோணும் மகன்!"

கேட்ட விலையிலிருந்து இலட்சங்கள் ஒவ்வொன்றாய் உதிரும் வரை, அந்த ஓதம் வீட்டையே விழுங்கவல்ல பிரளயமாக வர்ணிக்கப்படும். விலை தீர்ந்து முற்பணம் கைமாறிய அக்கணமே அது வற்றிப்போகும். "கிழக்கால கடல், மேற்கால வயல், நடுவில இரிந்துகொண்டு காஞ்ச செவரு கேட்டா எங்க போற?" என்பார். விற்றவர் வாயடைத்து நிற்பார். தம் மூத்த மகளுக்கு வீடு வாங்கிய காலத்தில் இதே மாமாவைக் கொண்டு இதே விதமாக விலை குறைத்தவராதலால், கோபித்துக்கொள்ளும் பாத்தியதையும் அவருக்கில்லை.

வாங்கியவர்தாம் சற்றுத் தயங்கி, "அப்ப அந்தச் செவருக்கு என்ன செய்யிற மாமா?" என்று கேட்பார்.

"கறைக்கு மேல ஒரு முழம் ஏத்திப் பூச்சக் கொத்தி, காயவிட்டு, சுண்ணாம்பு பூசோணும். மாசக்கணக்கில புடிக்கும். முதல்ல கலியாணம் முடியட்டும் மகன். அதுமட்டும் அலுமாரிய அங்கினயே வையுங்க."