வலைப்படக்கதைத் திணையியல்: மந்திர் மார்க்கை முன்வைத்து ஓர் ஆய்வு

வலைப்படக்கதைக்குத் திணை உண்டா என்னும் வினாவைத் தமிழாய்வுலகம் இதுகாறும் எழுப்பவில்லை. எழுப்பாததற்கு நல்ல காரணங்கள் இருக்கலாம். எனினும் முதல், கரு, உரி என்று உலகையே மூன்றாக வகுத்த மரபில் வந்தவர்கள், கைபேசியில் நாலு கட்டம் பார்த்துத் தனியே சிரிப்பவரை மட்டும் வகுக்காமல் விடுவது முறையன்று. களமாகப் புது டில்லியின் மந்திர் மார்க் கொள்ளப்பட்டது. பிர்லா மந்திர், காளி பாரி, தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஆகியவை ஒரே சாலையில் இருப்பதால், பக்தியும் பரீட்சையும் ஒருங்கே விளையும் நிலம் இது. இவ்விரண்டுக்கும் இடையே கிடைக்கும் ஐந்து நிமிடத்தில்தான் வலைப்படக்கதை வாசிக்கப்படுகிறது.

இந்நிலத்துக்கு ஒரு தனிச்சிறப்பும் உண்டு. 1939இல் பிர்லா மந்திரைத் திறந்துவைக்கச் சம்மதித்த காந்தி, எல்லாச் சாதியினரையும் உள்ளே விடவேண்டும் என்று நிபந்தனை விதித்தார். இன்றும் யாரும் போகலாம். கைபேசி மட்டும் போகக்கூடாது, வெளியே பெட்டகத்தில் வைத்துப் பூட்ட வேண்டும். வாசகரும் படக்கதையும் முறைப்படி பிரிந்து, முறைப்படி மீண்டும் கூடும் இடம் ஆய்வாளருக்கு வேறெங்கு வாய்க்கும்?

இனித் திணைகள். புதிதாக ஒரு படக்கதையைக் கண்டெடுத்தவர் அன்றிரவே அதன் பழங்கட்டங்களை முதலிலிருந்து படித்துத் தீர்க்கப் பார்ப்பார். ராண்டல் மன்றோவின் ‘எக்ஸ்கேசிடி’ 2005இல் தொடங்கி மூவாயிரத்தைத் தாண்டிவிட்டது. ரையன் நார்த்தின் ‘டைனோசர் காமிக்ஸ்’ 2003 முதல் அதே ஆறு கட்டங்கள், அதே டைனோசர்கள்; பேச்சு மட்டும் நாளுக்கு நாள் மாறும். படம் மாறாமலே இருபது ஆண்டுக்கு மேல் ஒரு படக்கதையை ஓட்டலாம் என்று காட்டியதற்காகவே நார்த்துக்கு நம் பல்கலைக்கழகம் ஏதேனும் முனைவர் பட்டம் அளிக்கலாம்; அத்தொழில்நுட்பம் நம் ஆய்வேடுகளுக்குப் புதிதன்று. இவ்வகைக் கூடலுக்கு உரிய பொழுது நள்ளிரவு. குறிஞ்சிக்குச் சிறுபொழுது யாமம் என்று முன்னோர் வகுத்திருப்பதை இங்கு வியப்போடு குறிக்கிறோம்.

படித்துத் தீர்ந்தபின் வருவது முல்லை. உரிப்பொருள் இருத்தல், அதாவது காத்திருத்தல். இதில் தமிழர்க்குப் பழக்கம் அதிகம். 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கி இரும்புக்கை மாயாவியை இறக்கியது. 1984இல் லயன் வந்தது. சந்தா கட்டிவிட்டுத் தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காதைத் தீட்டியவர்களுக்கு, திங்கள், புதன், வெள்ளி என்று நாள் குறித்து வரும் எக்ஸ்கேசிடி ஒரு பொருட்டே அல்ல. முல்லையின் உச்சம் என்று 2013 மார்ச் 25 அன்று வெளியான அதன் ‘டைம்’ என்ற கட்டத்தைச் சொல்ல வேண்டும். கடற்கரையில் இருவர் உட்கார்ந்திருக்கும் ஒரே படம். அது அரை மணிக்கொரு முறையும் பின்னர் மணிக்கொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக மாறி, நான்கு மாதத்தில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட படங்களாக வளர்ந்து முடிந்தது. அடுத்த ஆண்டு ஹ்யூகோ விருதும் பெற்றது. தலைவிகூடக் கார்காலம் வரைதான் காத்திருந்தாள்.

கருப்பொருளில் விலங்கும் பறவையும் வேண்டுமே எனின், ரோஹன் சக்ரவர்த்தியின் ‘கிரீன் ஹ்யூமர்’ இருக்கிறது. பல் மருத்துவம் படித்தவர்; 2010 முதல் புலிக்கும் தவளைக்கும் பேச்சுக் கொடுத்து வருகிறார். அரசர் வேண்டுவோர்க்கு ஆர்த்தி பார்த்தசாரதியின் ‘ராயல் எக்ஸிஸ்டென்ஷியல்ஸ்’: முகலாயச் சிற்றோவியத்து மாந்தர் நம் காலத்துக் கவலைகளைப் பேசுவார்கள். செங்கோட்டை இருக்கும் ஊரில் இதைப் படிக்காமலிருப்பது இருப்பிடத்தை வீணாக்குவதாகும். மருதத்துக்கு ஊடல். ‘சானிட்டரி பேனல்ஸ்’ வரையும் ரச்சிதா தனேஜாவுக்கு, அவருடைய குச்சி உருவங்களின் பேரில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவமதிப்பு நோட்டீஸ் அனுப்பியது. அது ஊடலின் எல்லையையும் இவ்வாய்வின் எல்லையையும் கடந்தது. சொல்லாமல் கொள்ளாமல் வரைவதை நிறுத்திவிட்டுப் போகும் ஓவியர்கள் பாலை. நெய்தலின் இரங்கலுக்கு ஒரே நாள் போதும்: 2013 ஜூலை 1, தளங்களின் புதிய பதிவுகளை ஓரிடத்தில் திரட்டித் தந்த கூகுள் ரீடர் மூடப்பட்ட நாள்.

அந்த இரங்கலில்தான் நம் காலத்துக் குழப்பம் தொடங்குகிறது. புதிய கட்டம் வந்ததா என்பதை இப்போது சமூக ஊடகத்தின் கணிப்பு நிரல் முடிவு செய்கிறது. மூன்று நாள் கழித்துக் காட்டும், அல்லது காட்டாது, ஒரு கட்டத்துக்குச் சிரித்த பாவத்துக்குப் பத்துச் சமையல் காணொளி காட்டும். ‘விரும்பிப் பின்தொடர்ந்தால் போதாதா?’ என்பாரும் உளர். அற்றன்று. பின்தொடர்தல் வாசகர் செயல், காட்டுதல் கம்பெனியின் செயல். தீர்வு பழையதே: ஆர்எஸ்எஸ் செய்தியோடை. ஃபீட்லி, ஐனோரீடர் போன்ற ஒன்றில் ஓவியரின் தளத்தைச் சேர்த்துவிட்டால், அவர் வரைந்த வரிசையிலேயே எல்லாம் வந்து சேரும். (‘நான் எல்லாவற்றையும் ஆர்எஸ்எஸ் வழியாகத்தான் தெரிந்துகொள்கிறேன்’ என்று ஆர்.கே. ஆசிரமம் மார்க் மெட்ரோ நிலையத்தில் உரக்கச் சொல்ல வேண்டாம். அடுத்த நிலையமான ஜண்டேவாலானில் அதே பெயருள்ள இயக்கத்தின் அலுவலகம் இருக்கிறது, அழைத்துப்போய் உட்காரவைத்துவிடுவார்கள்.)

பரிந்துரைப்போர்க்கும் சில விதிகள் தேவைப்படுகின்றன. ஒருவருக்கு ஒரு சமயத்தில் ஒரு படக்கதை. இருபது இணைப்பை மொத்தமாக அனுப்புவது பரிந்துரை ஆகாது, இடமாற்றம். முதல் கட்டத்தை அனுப்பாதீர்கள். அப்போது அநேகமாக எந்த ஓவியருக்கும் கை வரையத் தொடங்கியிருக்காது. தனித்து நின்று சிரிக்கவைக்கும் நடுக்காலத்துக் கட்டம் ஒன்று போதும். கையெழுத்தை வெட்டிவிட்டுக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போடுவது பரத்தமை. அதை மருதத்தில்கூடச் சேர்க்க இடமில்லை. எக்ஸ்கேசிடியைப் படத்தோடு மட்டும் அனுப்பினாலும் பாதிதான் போய்ச் சேரும். படத்தின்மேல் சுட்டியை நிறுத்தினால் தோன்றும் இரண்டாவது நகைச்சுவை ஒன்று உண்டு. அதுவே உள்ளுறை. கைபேசியில் படிப்போர் தளத்தின் கைபேசி வடிவத்துக்குப் போய்த் தொட்டுப் பார்க்க வேண்டும்.

இவ்வாய்வைப் படித்துவிட்டு எக்ஸ்கேசிடியை ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்குவோருக்கு ஒரு வேண்டுகோள். 404ஆம் கட்டம் கிடைக்கவில்லை என்று கடிதம் எழுதாதீர்கள். 403க்கு அடுத்தது 405தான்.