மோசார்ட்டும் சாளைக்காரரும்

மகள் பிறந்த சேதி கேட்டதும் கத்தாரிலிருக்கும் மைத்துனன் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் கொடுத்துவிட்டான். கூடவே வாட்ஸப்பில் உத்தரவு: தினமும் மோசார்ட் போடணும், மூளை வளரும். எங்கள் குடும்பத்தில் இதுவரை யாருக்கும் அது வளராத காரணம் அன்றுதான் விளங்கியது.

“ஆரு மக்களே, இந்தப் பெட்டியப் பிள்ளைக்கத் தலமாட்டுல வச்சது?” என்றாள் அம்மா. “சின்னது பேடிச்சிராதா?”

மோசார்ட் சங்கதி 1993-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஓர் ஆய்வில் தொடங்கியது. அதில் பாட்டுக் கேட்டவர்கள் கல்லூரி மாணவர்கள். பலன் நின்றதும் பத்துப் பதினைந்து நிமிடம்தான். கைக்குழந்தை அந்தப் பக்கமே போகவில்லை. ஆனாலும் 1998-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் ஜெல் மில்லர், பிறக்கிற பிள்ளைக்கெல்லாம் இசைத்தட்டு கொடுக்க பட்ஜெட்டில் பணம் கேட்டார். நம் அரசு 2011-ல் மிக்சி கொடுத்தது. என் மகள் உறங்குவது அந்த மிக்சிச் சத்தத்துக்குத்தான். தாயின் வயிற்றுக்குள் ரத்தம் ஓடும் இரைச்சலைக் கேட்டே வளர்ந்தவளுக்கு, மிக்சி பிறந்த வீட்டு வாத்தியம்.

மிக்சி ஓடாத வேளையில் அம்மாவின் தாராட்டு. பாட்டை நிறுத்தினால் பிள்ளை முழித்துவிடும். அதனால் வீட்டு நிர்வாகம் மொத்தமும் அதே மெட்டில் நடக்கும். “ராராரோ கண்ணே ராரிரரோ... சாளைக்காரன் வந்தாச்சு, சட்டி எடுத்துட்டுப் போ மோளே... நூறு ரூவாய்க்கு மேல கேட்டா வேண்டாண்ணு சொல்லு... ராரிரரோ.” வாசலிலிருந்து என் மனைவியும் இழுத்தே விலை சொல்வாள். போன வாரம் சாளைக்காரரும் சேர்ந்துகொண்டார்: “கடல்ல மீனே இல்லம்மோ...” பிள்ளை அசையவில்லை. சாளை என்ன விலையானால் அவளுக்கென்ன? தெரிந்த குரலும் ஒரே சீரான ஆட்டமும் போதும்.

1956 நவம்பர் 1 வரை எங்கள் குழித்துறை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. அதனால் இரயிம்மன் தம்பியின் ‘ஓமனத்திங்கள்’ அம்மாவுக்கும் பாதி தெரியும். 1813-ல் பிறந்த சுவாதித் திருநாளுக்காக எழுதிய மலையாளத் தாராட்டு அது. பிள்ளை நிலாவா, பூவா, தேனா என்று அடுக்கடுக்காகக் கேட்பார். தூங்கு என்று மட்டும் ஓரிடத்திலும் சொல்லமாட்டார். எப்படிச் சொல்வார்? தம்பி அரண்மனைக் கவிஞர். தொட்டிலில் கிடப்பவரோ கருவிலேயே அரியணைக்கு உரியவரானவர். ‘கர்ப்ப ஸ்ரீமான்’ என்றே பெயர். ராஜாவைப் புகழலாம், உறங்கச் சொல்லி உத்தரவு போட முடியுமா?

நடுராத்திரி முறை எனக்கு. முதலடியிலிருந்து கடைசிவரை எனக்குத் தெரிந்த பாட்டு ஒன்றே ஒன்று: பள்ளிக்கூடத்தில் தினமும் பாடிய தமிழ்த்தாய் வாழ்த்து. அதுவும் திருவிதாங்கூர்ச் சரக்குதான். திருவனந்தபுரத்தில் பேராசிரியராக இருந்த சுந்தரம் பிள்ளை 1891-ல் வெளியிட்ட மனோன்மணீயத்தில் வருவது. மோகன ராகம், எம்.எஸ்.விஸ்வநாதன் மெட்டு, பிள்ளை சொக்கிப்போகிறாள். சிக்கல் அரசாணையில் இருக்கிறது. 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவித்தபோது, 55 விநாடியில் பாடி முடிக்க வேண்டும், பாடும்போது எழுந்து நிற்க வேண்டும் என்று போட்டுவிட்டார்கள். 55 விநாடியில் உறங்க என் மகள் சம்மதிக்கவில்லை. திரும்பத் திரும்பப் பாடுகிறேன். அடுத்த அறையில், ரிட்டயரான வாத்தியாரான அப்பா ஒவ்வொரு தடவையும் கட்டிலை விட்டு எழுந்து விறைப்பாக நிற்கிறார்.

“லேய், பிள்ளை ஒறங்கியாச்சாடே? நான் எப்பந்தான் கெடக்க?”