நடுக்கப்பலில் ஒரு இடம்

1976. பினாங்குத் துறைமுகம். எனக்கு எட்டு வயது. அப்பா பாயைச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "கட்டில் அவங்க கொடுக்கிறதுதான். ஆனா பகல்ல மேல்தளத்துக்கு வந்துடு. சமையக்கட்டுப் பக்கம் வேணாம், வாடை வரும். படிக்கட்டுப் பக்கம் வேணாம், ஆள் மிதிப்பாங்க. முன்பக்கம் போகவே போகாதே. நடுவுல பாயை விரி."

அப்பாவுக்கு அந்தக் கணக்கு ரஜூலாவில் படிந்தது. 1926இல் கட்டிய கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. டெக் டிக்கெட் எடுத்தவர்களுக்கு அறையும் இல்லை, கட்டிலும் இல்லை. தகரப் பெட்டி தலையணை, திறந்த தளம் படுக்கை. அப்படித்தான் அப்பா மலாயா வந்து சேர்ந்தார்.

நாங்கள் ஏறியது எம்.வி. சிதம்பரம். வ.உ.சி. பெயர் தாங்கிய கப்பல். காசுள்ளவர்களுக்கு கேபின், எங்களைப் போன்றவர்களுக்கு பங்க். கீழே வரிசை வரிசையாக அடுக்குக் கட்டில்கள். மைலோ டின், கைலி மூட்டை, எல்லாவற்றுக்கும் மேலே கோடாலித் தைல வாசம். வங்காள விரிகுடாவில் கப்பல் ஆடத் தொடங்கியதும் பாதிப் பேர் வாந்தி எடுத்தார்கள். அம்மா ஒரு துண்டு நார்த்தங்காய் ஊறுகாயை என் நாக்கில் வைத்து, பாயோடு மேலே அழைத்துப் போனாள். தளத்தின் நடுவில் விரித்துப் படுத்தோம். குமட்டல் நின்றது. நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. கடலிலேயே நங்கூரம் போடும். ஏணியில் இறங்கிப் படகில் கால் வைத்தபோது அம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடி இன்னும் நினைவில் இருக்கிறது.

1985 பிப்ரவரியில் அந்தக் கப்பல் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அதோடு அந்தப் பாதையில் பயணிக் கப்பல் நின்றது. எல்லோரும் விமானத்துக்கு மாறினோம்.

இப்போது அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. "ஒரு தடவை கப்பல்ல பினாங்கு போயிட்டு வரணும்டி" என்றாள். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு போய்த் திரும்பும் உல்லாசக் கப்பல்கள் இருக்கின்றன. ஆனால் நான் உடனே டிக்கெட் எடுக்கவில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு பயணத்தில் எனக்கு ஒரு பாடம் கிடைத்திருந்தது. எந்த அறை என்பதை நிறுவனமே முடிவு செய்யும் மலிவு டிக்கெட்டை எடுத்தேன். கிடைத்த அறைக்கு நேர் மேலே பஃபே மண்டபம். விடியற்காலை ஐந்து மணிக்கு நாற்காலி இழுக்கும் சத்தம் தொடங்கும். மூன்று இரவும் தூக்கமில்லை.

அதனால் இம்முறை தளங்களின் வரைபடத்தை மேசையில் விரித்துவைத்துப் பார்த்தேன். அறை எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. அதற்கு மேல்தளத்திலும் கீழ்த்தளத்திலும் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மேலே நீச்சல்குளமோ உணவு மண்டபமோ, கீழே அரங்கமோ பாட்டுக் கச்சேரி நடக்கும் இடமோ இருந்தால் அந்த அறை வேண்டாம். மேலேயும் கீழேயும் அறைகளே இருந்தால் நிம்மதி. முன்பக்க அறைகளில் அலையின் எழுச்சி அதிகம். நங்கூரம் போடும்போது சங்கிலியின் சத்தமும் கேட்கலாம். கப்பலைக் கிணற்றடி ஏற்றம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். முனைகள் ஏறி இறங்கும், நடு அவ்வளவாக அசையாது. உயரத்தில் ஆட்டம் கூடும், கீழே குறையும். தலைசுற்றல் உள்ளவர்களுக்கு நடுவில், கீழ்த்தளத்தில் உள்ள அறைதான் நல்லது.

அறைகள் பொதுவாக நான்கு வகை. உள்ளறையில் ஜன்னலே கிடையாது. விளக்கை அணைத்தால் கும்மிருட்டு, விடிந்ததுகூடத் தெரியாது. தூங்க மட்டும் அறை வேண்டும் என்பவர்களுக்கு அது போதும், காசும் மிச்சம். அடுத்தது கடல் தெரியும் ஜன்னல் அறை. அதில் 'பார்வை மறைக்கப்பட்டது' என்ற குறிப்பு இருந்தால், ஜன்னலுக்கு வெளியே உயிர்காக்கும் படகு தொங்கலாம். மூன்றாவது பால்கனி அறை. நான்காவது சூட், பெரியது, விலையும் பெரியது.

அம்மாவுக்குப் பால்கனி எடுத்தேன். அந்தக் காலத்தில் கடல்காற்று ஏழைக்குக் கிடைத்தது, ஏனென்றால் அவனுக்கு அறை இல்லை. இன்று அதே காற்றுக்குக் கூடுதல் காசு. அந்தக் காசைக் கொடுத்ததில் எனக்கு வருத்தமே இல்லை.

வலப்பக்க அறையாகக் கேட்டு வாங்கினேன். சிங்கப்பூரிலிருந்து மலாக்கா நீரிணையில் வடக்கே போகும்போது மலேசியக் கரை வலப்பக்கம், சுமத்ரா இடப்பக்கம். சூரியன் மறைவது பார்க்க வேண்டுமானால் போகும்போது இடப்பக்கம் எடுக்க வேண்டும். அம்மா கேட்டது கரை விளக்கு. லிஃப்டுக்கு நாலைந்து அறை தள்ளி எடுத்தேன். நடையும் குறைவு, சத்தமும் இல்லை. குளியலறை வாசலில் படி இருக்கிறதா என்றும் கேட்டேன். சக்கர நாற்காலிக்கு ஏற்ற, வாசற்படி இல்லாத அறைகள் ஒவ்வொரு கப்பலிலும் கொஞ்சம்தான், சீக்கிரமே தீர்ந்துவிடும்.

ஏறும் நாளில் பெட்டியைக் கீழேயே வாங்கிக்கொள்வார்கள். அது அறைக்கு வர இரவாகலாம். மாத்திரை, மாற்றுத் துணி, பாஸ்போர்ட் மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். இஸ்திரிப் பெட்டி கொண்டுபோனால் எடுத்து வைத்துக்கொள்வார்கள், தீ பயம். சைவச் சாப்பாடு வேண்டுமானால் டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். டிக்கெட் விலையோடு செலவு முடியாது. ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணம் பெரும்பாலும் தனியாகச் சேரும். வைஃபை, மதுபானம், கரையில் சுற்றிக்காட்டும் பயணம் இவற்றுக்கும் பெரும்பாலான கப்பல்களில் தனிக் காசு.

கப்பல் கிளம்பும் முன் ஆபத்துக்கால ஒத்திகை நடந்தது. ஏழு குட்டை ஊதல், ஒரு நெட்டை ஊதல். பலர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா மட்டும் ஊழியப் பெண்ணிடம் தமிழிலேயே, "தீ பிடிச்சா எந்தப் படியில இறங்கணும்?" என்று கேட்டாள். நான் மொழிபெயர்த்தேன். அந்தப் பெண் எங்கள் அறையிலிருந்து படிக்கட்டு வரை கூடவே நடந்து காட்டினாள். தீ என்றால் லிஃப்ட் கூடாது என்றாள். அம்மா கதவுகளை எண்ணிக்கொண்டே வந்தாள். சிதம்பரத்தை மறக்காதவள் அவள். 2012இல் இத்தாலியின் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்று ஏறிய பயணிகள் பலருக்கு ஒத்திகையே நடந்திருக்கவில்லை. கிளம்பும் முன்போ கிளம்பிய உடனோ ஒத்திகை நடத்த வேண்டும் என்ற விதி அதன் பிறகு வந்தது.

இரவு அம்மா பால்கனியில் உட்கார்ந்திருந்தாள். தூரத்தில் கரை விளக்குகள் நகர்ந்தன. மறுநாள் ஜார்ஜ் டவுனில் இறங்கியதும் துறைமுகத்தருகே இருந்த மணிக்கூண்டை அவள்தான் முதலில் பார்த்தாள். விக்டோரியா ராணியின் 60 ஆண்டு ஆட்சிக்காக 60 அடி உயரத்தில் எழுப்பியது அது. "அப்படியே இருக்குடி" என்றாள்.

நீங்கள் அறை எடுக்கும்போது விளம்பரப் படத்திலிருந்து தொடங்காதீர்கள். அதில் யார் படுக்கப்போகிறார்கள், அவருக்கு முழங்கால் வலியா, தலைசுற்றலா, தூக்கம் வராதா என்பதிலிருந்து தொடங்குங்கள். பிறகு வரைபடத்தை எடுங்கள். அப்பா சொன்ன இடம்தான் இன்றும் நல்ல இடம்: சமையல்கட்டுக்கும் படிக்கட்டுக்கும் தள்ளி, நடுக்கப்பலில்.