பழைய ரயிலுக்கு டிக்கெட் எடுத்த பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, நியூயார்க் டிரான்சிட் மியூசியத்துல துட்டைக் கட்டி மெம்பர் ஆகி, அதுக்கு மேல தனியா டிக்கெட்டும் எடுத்து, பூட்டிக் கெடக்குற ஒரு ஸ்டேஷனைப் பாக்கப் போறியாம்லா. ஒங்கம்மா போன்ல சொன்னா. ஒன்னைப் பெத்த பெருமையில சொல்லுதாளா, படிக்க வச்ச வருத்தத்துல சொல்லுதாளான்னு எனக்குப் பிடிபடல. போறது போற, கெழவன் சொல்லுறதைக் காதுல வாங்கிட்டுப் போ. அந்த மியூசியத்தைப் பத்தி இவனுக்கு எங்கன தெரியப் போவுதுன்னு நினைக்காத. அங்கன ஒன் வீட்டுல வந்து இருந்தப்ப, நீ ஆபீசுக்குப் போன பொறவு நான் டிவி பாத்துட்டா இருந்தேன்னு நினைச்ச?

மொதல்ல அந்த மியூசியத்தோட பூர்வோத்தரத்தைத் தெரிஞ்சுக்கோ. புரூக்ளின்ல ஷெர்மர்ஹார்ன் தெருவும் போரம் பிளேசும் கூடுற முக்குல படி இறங்கணும். மியூசியம்னு தோணவே தோணாது, ரயிலுக்குப் போற படிதான். கோர்ட் ஸ்ட்ரீட்னு பேரு வச்சு 1936-ல அந்த ஸ்டேஷனைத் திறந்தாவ. பாதை மன்ஹாட்டனுக்கு நீளும்னு நம்பித் திறந்தது, நீளவே இல்ல. பக்கத்து ஸ்டேஷனுக்குப் போயிட்டுத் திரும்பி வாற குட்டி ரயிலு ஒண்ணுதான் மிச்சம். நடந்து போற தூரத்துல வேற ஸ்டேஷன் அத்தனை இருக்கும்போது இதுல எவன் ஏறுவான்? 1946-ல இழுத்துப் பூட்டிட்டாவ.

பொறவு சினிமாக்காரன் கண்ணுல பட்டுது. 1974-ல வந்த ‘தி டேக்கிங் ஆஃப் பெல்ஹாம் ஒன் டூ த்ரீ’ படம், ரயிலைக் கடத்துற கதை, அங்கன வச்சு எடுத்ததுதான். அமெரிக்காவுக்கு 200 வயசு ஆச்சுன்னு 1976 ஜூலை 4-ல ஊரே கொண்டாடுனப்ப, பழைய பெட்டிகளை அந்தப் பிளாட்பாரத்துல கொண்டு நிறுத்தி ஒரு கண்காட்சி போட்டாவ. உள்ள போக ஒரு சப்வே டோக்கன். அதாவது ரயிலேறக் கொடுக்குற அதே காசைக் கொடுத்துட்டு, எங்கயும் போகாத ரயில்ல ஏறி இறங்கணும்! செப்டம்பரோட மூடிருவோம்னுதான் இருந்தாவ. ஜனம் விடல. ரயிலு ஓடுனப்ப ஆள் ஏறாத ஸ்டேஷனுக்கு, அது நின்ன பொறவு கூட்டம் தாங்கல. மனுசப்பய புத்தியே அதான்லே. கைக்குள்ள இருக்கப்ப அருமை தெரியாது, கண்ணாடிப் பெட்டிக்குள்ள போயிட்டா மூக்கை ஒட்டிக்கிட்டு நிப்பான்.

இப்ப ஒன் டிக்கெட்டுக்கு வாரேன். மியூசியத்துக்காரவுக ஒன்னைக் கூட்டிட்டுப் போறது இது இல்ல, பழைய சிட்டி ஹால் ஸ்டேஷன். 1904 அக்டோபர் 27-ல நியூயார்க்கோட முதல் சப்வே புறப்பட்ட இடம். குவாஸ்டாவினோன்னு ஸ்பெயின்ல இருந்து வந்த குடும்பம் ஓட்டை அடுக்கி அடுக்கிக் கட்டுன வளைவு அது. அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்கும், ஆனா கண்ணு இறங்காது. மேல வெளிச்சம் இறங்குற கண்ணாடி, பித்தளைச் சரவிளக்கு. கூட வந்து காட்டுறவுக இதெல்லாம் சொல்லுவாவ, ஒழுங்காக் கேட்டுக்கோ. அவுக சொல்லுறப்ப செல்போனைத் தூக்கி மூஞ்சிக்கு முன்னால பிடிச்சிட்டு நிக்காத. அந்த வளைவு நூத்திச்சொச்சம் வருசம் தாங்கிட்டு நிக்கு, நீ போட்டோ எடுக்குற வரைக்கும் விழாது.

அங்கன நிக்கும்போது மேயர் கதையை நினைச்சுக்கோ. மெக்லெல்லன்னு அன்னைக்கு ஒரு மேயர். வெள்ளியில கைப்பிடி செஞ்சு அவர் கையில கொடுத்தாவ. சும்மா ஒரு இழுப்பு இழுத்து ரயிலைக் கிளப்பிட்டு, மோட்டார்மேன் கையில கொடுத்துருவார்னு ஏற்பாடு. மேயரு கொடுக்கணும்லா? விடமாட்டேன்னுட்டாரு. சிட்டி ஹால்ல பிடிச்ச கைப்பிடியை 103-ஆம் தெருவுக்குப் போன பொறவுதான் விட்டாரு. பக்கத்துல நின்ன ரயில்வே ஆட்களுக்கு உசுரு தொண்டையில. பதவியில இருக்கவன் கையில சும்மா ஒரு பேச்சுக்குக்கூட கைப்பிடியைக் கொடுக்கக் கூடாதுன்னு அந்த ஊரு அன்னைக்கே படிச்சிருக்கு. நம்ம பக்கம் இன்னும் படிக்கல.

அம்புட்டு அழகான ஸ்டேஷனை ஏன் மூடுனாவன்னு யாரும் கேக்க மாட்டாவ, நீ கேளு. அது இருக்கது வளைவுல. ரயிலு நீளமாச்சு, பெட்டிக்கு நடுவுலயும் கதவு வந்துது. அந்த வளைவுல நிறுத்துனா கதவுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவுல காலு போற சந்து. பக்கத்துலயே புரூக்ளின் பிரிட்ஜ் ஸ்டேஷனும் இருந்துதா, 1945 கடைசி நாளோட இதை நிறுத்திட்டாவ. அழகு சோறு போடலலே. நிக்க லாயக்கில்லாத இடத்துல எம்புட்டு சரவிளக்கு தொங்குனாத்தான் என்ன?

இன்னொண்ணு, ரகசியம். 6-ஆம் நம்பர் ரயிலு இன்னைக்கும் அந்த வளைவு வழியாத்தான் திரும்புது. கடைசி ஸ்டேஷன்ல எல்லாரும் இறங்குனாலும் நீ இறங்காம உக்காந்திரு. மங்குன வெளிச்சத்துல அந்த மண்டபம் சன்னலுக்கு வெளிய ஒரு கணம் வந்துட்டுப் போவும். இறங்க முடியாது, பாக்கலாம். இதை நான் மொதல்லயே சொல்லிருந்தா நீ டிக்கெட் எடுத்திருக்க மாட்ட. மியூசியத்துக்காரன் பொழைக்கணும்லா, அதான் சொல்லல.

அடுத்து டிசம்பரு. மியூசியத்துக்காரவுக 1930-கள்ல செஞ்ச பெட்டிகளைக் கோத்து, கிறிஸ்மசுக்கு முந்தின வாரங்கள்ல நெசப் பாதையில ஓட்டுவாவ. தனிக் கட்டணம் கெடையாது, சாதா டிக்கெட்டுதான். பிரம்புப் பின்னல் சீட்டு, மேல கறங்குற காத்தாடி, மஞ்சக் குண்டு பல்பு, அந்தக் காலத்து விளம்பரம் எல்லாம் அப்படியே இருக்கும். ஜனங்க தாத்தன் போட்ட கோட்டு, பாட்டி வச்ச தொப்பின்னு சிங்காரிச்சிட்டு வந்து, ஓடுற ரயில்ல பாட்டுப் போட்டு ஆடுதாவ. கல்யாணத்துக்கு வந்த சம்பந்தி வீட்டாளுக மாதிரி ஒரு மினுக்கு. நீயும் போ, ஒரு தொப்பியும் வாங்கி வச்சுக்கோ, வேண்டாங்கல. ஒன் மண்டைக்கு அது நிக்காது, அது வேற விசயம்.

ஆனா ஆட்டத்தைப் பாத்தது போதும்னு தோணுனப்ப, நடுப்பெட்டி ஓரமாப் போய் நின்னு கண்டக்டரைப் பாரு. அந்த ரகப் பெட்டியில கதவைத் திறந்து மூடுற விசை உள்ள இல்லலே, வெளிய. ரெண்டு பெட்டிக்கும் இடையில, அந்தப் பெட்டியில ஒரு காலு, இந்தப் பெட்டியில ஒரு காலுன்னு வச்சு நின்னுதான் இயக்கணும். டிசம்பர் குளிருல, சுரங்கத்துக் காத்துல, ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும். இன்னைக்கு அது வேடிக்கை, ஒரு பொழுது. அன்னைக்கு அது ஒருத்தனுக்கு ஆயுசு பூரா வேலை. தொப்பி வச்சவன் நூறு பேரு போட்டோவுல இருப்பான், காலை அகட்டி நின்னவன் ஒருத்தன் போட்டோவுலயும் இருக்க மாட்டான்.

பிரைட்டன் பீச்சுல பழைய ரயிலுகளை ஊர்வலம் விடுற நாளும் உண்டு. அதுல மரப்பெட்டி வரும், 1900-களோட ஆரம்பத்துல செஞ்சது. அதுல கதவுக்குப் பதிலா பெட்டி முனையில கம்பி கேட்டு. ரெண்டு பெட்டிக்கு நடுவுல ஒரு ஆள் நின்னு கேட்டை இழுத்து மூடி மணிக்கயிறை இழுப்பான். பின்னால நிக்கவன் மணி அடிக்க, அதைக் கேட்டு அடுத்தவன் அடிக்க, அப்படியே மணி முன்னால போய்ச் சேந்த பொறவுதான் மோட்டார்மேன் வண்டியை எடுப்பான். நடுவுல ஒருத்தன் கொட்டாவி விட்டா ரயிலே நிக்கும். ஒங்க ஆபீசுல ஒரு மெயிலுக்கு நாலு பேரு சரி சொல்லணும்னு பொலம்புவல்லா, அது புதுசு இல்ல.

‘அந்தக் காலத்துல ரயிலுக்கு அஞ்சே சென்டு’ன்னு அங்கன எவனாவது பெருமூச்சு விடுவான். அவன்கிட்டப் போய் நில்லு. 1904-ல அஞ்சு சென்டு, 1948 வரைக்கும் அதே அஞ்சு சென்டு. நடுவுல ரெண்டு உலகப்போரு வந்துட்டுப் போச்சு, அரிசி பருப்பு ஏறிச்சு, கூலி ஏறிச்சு, டிக்கெட்டு ஏறல. ஏத்துனா ஓட்டுப் போயிரும். கம்பெனிக்காரன் எதுல மிச்சம் பிடிப்பான்? வண்டியைச் சீர் பண்ணுறதுலதான். கடைசியில 1940-ல நகராட்சியே எல்லாத்தையும் வாங்கிப் போட வேண்டியதாச்சு. மலிவுக்கு விலை யாரோ ஒருத்தன் கொடுத்துட்டுத்தான் இருப்பான்.

1953-ல 15 சென்டு ஆக்குனப்ப இன்னொரு கூத்து. கேட்டு மெசினு ஒத்தைக் காசைத்தான் வாங்கும், 15 சென்டுக்கு ஒத்தைக் காசு கெடையாது. அப்பத்தான் டோக்கனைக் கொண்டு வந்தாவ. 2003 வரைக்கும் அது ஓடிச்சு. அதுலயும் நம்மாளு மாதிரி ஒருத்தன் புகுந்துட்டான் பாரு. டோக்கன் போடுற ஓட்டையில காயிதத்தைச் சொருகி வச்சிருவான். போட்டவன் கேட்டு திறக்கலன்னு சலிச்சுட்டு வேற கேட்டுக்குப் போன ஒடனே, இவன் வந்து ஓட்டையில வாயை வச்சு டோக்கனை உறிஞ்சி எடுத்துருவான். ஆயிரம் பேரு கை பட்ட எடத்துல வாயை வைக்கான்லே! கவுண்டர்ல இருந்த சிலரு என்ன பண்ணுனாவ தெரியுமா? ஓட்டையைச் சுத்தி மிளகாய்ப்பொடி தூவுனாவ. ஒங்க ஆச்சிட்ட இதைச் சொன்னேன். ‘கேட்டிருந்தா சாத்தூர் மிளகாயா அனுப்பிருப்பேன்’ங்கா.

சிரிச்சது போதும், இதையும் கேளு. 1918 நவம்பர் 1. மோட்டார்மேன் எல்லாம் வேலைநிறுத்தம். வண்டி ஓடியே ஆவணும்னு, ஓட்டிப் பழக்கமில்லாத ஒரு ஆபீஸ் ஆளைக் கம்பெனி ஏத்தி விட்டுது. மால்போன் தெருப் பக்கம் மெதுவாத் திரும்ப வேண்டிய வளைவுல அசுர வேகம். பெட்டியெல்லாம் மரம். 90 பேருக்கு மேல செத்துப் போனாவ. அந்தத் தெருவுல பெரும்பகுதிக்குப் பேரையே மாத்திட்டாவ, இப்ப எம்பயர் பொலிவார்டு. பேரை மாத்துறது சுளுவு. அதனால எவனாவது ‘அந்தக் காலம் பொற்காலம்’னு ஆரம்பிச்சா நம்பாத. நான் ஆரம்பிச்சாலும் நம்பாத. கெழவன்மாருக்கு நெனப்புல வேர்வை நாத்தம் இருக்காது.

பொற்காலத்துப் படிக்கட்டும் அப்படித்தான். அன்னைக்குக் கட்டுனவனுக்கு முட்டுவலி தெரியல, சக்கர நாற்காலி தெரியல. லிஃப்ட் கேட்டு வழக்குப் போட்டு, 2022-ல ஒரு முடிவுக்கு வந்தாவ. அப்ப வசதி இல்லாம இருந்த ஸ்டேஷன்கள்ல நூத்துக்கு 95-ல 2055-க்குள்ள வசதி பண்ணித் தாறோம்னு. நான் தைலத்தைத் தேய்ச்சிட்டு அதுவரைக்கும் இருக்கப் பாக்கேன்.

எனக்கு அந்த மியூசியத்துல மனசுக்குப் பிடிச்சது எது தெரியுமா? வளைவும் இல்ல, வெள்ளிக் கைப்பிடியும் இல்ல. பள்ளிக்கூடம் விட்ட பொறவு நடக்குற ஒரு வகுப்பு, ‘சப்வே ஸ்லூத்ஸ்’னு பேரு. துப்பறியுற கூட்டம். ஆட்டிசம் இருக்க, ரயிலுன்னா உசுரா இருக்க பிள்ளைகளுக்கு, ரெண்டாம் வகுப்புல இருந்து அஞ்சாம் வகுப்பு வரை. சிறப்புக் கல்வி டீச்சரு, பேச்சுப் பயிற்சி கொடுக்கவுக, மியூசியத்து ஆளு எல்லாரும் கூட இருப்பாவ. வேற எடத்துல அந்தப் பிள்ளை ரயிலைப் பத்தி வாயெடுத்தா, ‘போதும், வேற பேசு’ன்னு அடைச்சிருவாவ. இங்கன அந்தப் பேச்சுதான் கூட்டாளி பிடிக்க வழி. துப்பு கண்டுபிடிக்கணும்னா பக்கத்துப் பிள்ளைட்ட கேக்கணும், அது சொல்லுற வரைக்கும் பொறுக்கணும், பொறவு தன் முறைக்குச் சொல்லணும். நீயும் ஒங்கப்பனும் ஒரே சோபாவுல உக்காந்து ஆளுக்கொரு போனைத் தேய்க்கியளே, ஒங்க ரெண்டு பேரையும் அந்த வகுப்புல சேத்துக்கிடுவாவளான்னு கேட்டுப் பாத்திருப்பேன். வயசு தாண்டிட்டு.

ஆகமொத்தம் இதான்லே சொல்லுதேன். போ. ஏறு. ஆடு. ஆனா பழசைக் கும்பிட்டுட்டு வராத, பழசைக் கேள்வி கேட்டுட்டு வா. இதை எவன் இழுத்தான், எவன் நின்னான், எவன் ஏற முடியாமப் போனான், எதுக்கு நிறுத்துனாவன்னு கேளு. கேட்டாத்தான் மியூசியம். கேக்கலன்னா அது குளிருல நிக்குற பழைய இரும்பு.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வேலை செய்யி. இன்னைக்கு ஓடுற ரயிலைப் பத்தி ஒனக்கு என்னென்ன குறை இருக்கோ, அத்தனையும் தேதி போட்டு ஒரு நோட்டுல எழுதி வையி. நாப்பது வருசம் கழிச்சு இதே பெட்டியையும் பிளாட்பாரத்துல நிறுத்தி டிக்கெட் போடுவாவ. நீயும் கண்ணுல தண்ணி வச்சிட்டு வரிசையில நிப்ப, ஒன் பேரன்ட்ட ‘எங்க காலத்துல ரயிலு எப்படி இருந்துது தெரியுமா’ன்னு பீத்துவ. அந்த நோட்டை இப்பவே ஒன் பொண்டாட்டி கையில கொடுத்து வச்சிரு. அவ சரியான நேரத்துல அதை எடுத்துப் பேரன் கையில கொடுத்துருவா.