கூரையில் ஒரு குளம்

கேள்வி: புதுக்கோட்டை நகரத்தையும் ஒரு ஏரியையும் வழிகாட்டியுடன் ஒரே நாளில் பார்க்க முடியுமா?

பதில்: முடியும். கூடவே கோடையிலும் வற்றாத ஒரு குளமும் உண்டு. அது சித்தன்னவாசலில், கூரையில் இருக்கிறது!

நகரிலிருந்து சுமார் 16 கி.மீ. தொலைவிலுள்ள அறிவர் கோயில் ஒரு சமணக் குடைவரை. அதன் விதானத்தில் தாமரைத் தடாகம்: மீன்கள், அன்னங்கள், எருமைகள், யானைகள், பூப்பறிக்கும் மனிதர்கள். பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியர் இக்கோயிலைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு கூறுகிறது. வண்ணம் மிகவும் மங்கிவிட்டதால் எருமை எது, இலை எது என்று காட்ட வழிகாட்டி அவசியம். இதே குன்றின் ஏழடிப்பட்டத்தில் துறவியரின் கற்படுக்கைகளும் தமிழ் பிராமி எழுத்தும் உள்ளன. வெயிலுக்கு முன் ஏறிவிடுவது நல்லது.

அடுத்து நகரம். 1948 வரை தொண்டைமான்களின் தலைநகர். தெருக்கள் நேர்நேராக ஓடும் இந்நகரை 19ஆம் நூற்றாண்டில் திவான் சேஷையா சாஸ்திரி சீரமைத்தார். குளங்களையும் அவர் மறக்கவில்லை. திருக்கோகர்ணத்தில் 1910இல் தொடங்கிய அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.

மாலையில் நீங்கள் கேட்ட ஏரி: கவிநாடு கண்மாய். மாவட்டத்தின் பெரிய கண்மாய்களில் ஒன்றான இது வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகுதான் நிறைந்திருக்கும்.

திருமயம் கோட்டையையும் குடுமியான்மலை இசைக் கல்வெட்டையும் இதே நாளில் திணிக்க வேண்டாம். அவற்றுக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்.