கீழ் வீட்டு ஓனர்

கேட்டில் தொங்கும் ‘டூ-லெட்’ அட்டையை நாம் படித்து முடிப்பதற்குள் ஓனர் சார் நம்மைப் படித்து முடித்திருப்பார். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, எங்கே போனாலும் ஆள் இவர்தான். தெருப் பெயர்தான் மாறும். “சைவமா?” என்று நேராகக் கேட்க மாட்டார். “ஞாயித்துக்கிழமை வீட்ல என்ன விசேஷம் தம்பி?” என்பார்.

1964-ல் தொடங்கிய அம்பத்தூர் எஸ்டேட்டிலோ, ஆவடி டேங்க் ஃபாக்டரியிலோ வேலை பார்த்து, பி.எஃப். பணத்தைக் கொட்டி எழுப்பிய வீடு. கீழே அவர், மாடியில் நாம். ரிட்டயராகியும் குவாலிட்டி கன்ட்ரோல் புத்தி போகவில்லை. மாடியில் நாற்காலி நகர்ந்தால், எந்த அறை, எந்தக் கால் என்று கீழிருந்தே சொல்வார். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. காலண்டரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் தேதி பார்க்க வேண்டும். ஊரிலிருந்து மாமனார், மாமியார் வந்து இறங்கினால், மோட்டார் ஸ்விட்ச் பக்கம் நின்றபடி அன்பாக விசாரிப்பார்: “ரிட்டர்ன் டிக்கெட் போட்டாச்சா?”

வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். அந்த இலவசம் மட்டும் மாடிப்படி ஏறாது. நமக்கு சப்-மீட்டர், முதல் யூனிட்டிலிருந்தே எட்டு ரூபாய்.

அட்வான்ஸ் பத்து மாசம். 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைதான் என்கிறதே என்று இழுத்துப் பாருங்கள். “வேற ஒப்பந்தம் இல்லேன்னாதான் மூணு மாசம். நாம போடறதுதான் அந்த வேற ஒப்பந்தம்” என்பார். வக்கீல்கூட அவ்வளவு கவனமாகப் படித்திருக்க மாட்டார். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்கு மெட்ரோத் தூண்கள் எழும்ப எழும்ப வாடகையும் எழும்பியது. அந்தத் தூணுக்கும் அம்பத்தூர் மாடி வீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர் வேறு வீடு பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்று சொல்ல வேண்டும். நடுராத்திரியில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் லுங்கியோடு ஓடி ஆட்டோ பிடித்து வருபவரும் இவரே. மறுநாள் காலை, “ராத்திரி கேட் சத்தம் ஜாஸ்தியா இருந்துச்சே” என்பவரும் இவரே.

இப்போது பெங்களூரில் இருக்கிறார். பையனுக்கு வாடகை வீடு பார்த்துக்கொடுக்கப் போனவர், அங்கிருந்து போன் செய்தார்.

“தம்பி, அந்த மூணு மாசச் சட்டத்தை வாட்ஸப்ல அனுப்புங்க. இங்க ஒருத்தன் கூசாம பத்து மாசம் அட்வான்ஸ் கேக்கறான்.”

“சார், அது தமிழ்நாட்டுச் சட்டம்.”

“நியாயம் எல்லா ஊருக்கும் ஒண்ணுதான். ஒப்பந்தம்னு ஒரு வரி வரும் பாருங்க, அதை மட்டும் எடுத்துட்டு அனுப்புங்க. அப்புறம், மோட்டாரை ஆஃப் பண்ணிட்டீங்களா?”