திருகோணமலை நகரவாசிகளின் வங்கித் தெரிவு: ஒரு பூர்வாங்க ஆய்வு

வட்டி வீதத்தை ஒப்பிட்டே மக்கள் வங்கியைத் தெரிவுசெய்கிறார்கள் என்பது பொருளியலாளர் துணிபு. உட்துறைமுக வீதிக்கும் டச்சு விரிகுடாக் கடற்கரைக்கும் இடைப்பட்ட பரப்பில் நடத்திய இக்கள ஆய்வு அதை மறுக்கிறது. (பிரெட்ரிக் கோட்டைப் பக்கமிருந்து நகருக்குள் மேய வரும் மான்களுக்குக் கணக்கு எதுவும் இல்லாமையால் அவை மாதிரியில் சேர்க்கப்படவில்லை.)

இப்பகுதியில் வங்கிகள் இரு சாதி: 'அரசாங்க பேங்க்', 'பிரைவேட்'. 1939இல் தோன்றிய இலங்கை வங்கியும் 1961இல் தோன்றிய மக்கள் வங்கியும் முதற்சாதி. அதன் தலையாய குணம் ஓடாமை. 2002இல் பிரமுக வங்கியும் 2008இல் கோல்டன் கீ நிறுவனமும் வைப்பாளர்களைத் தவிக்கவிட்டதன் பின் இந்த ஓடாமைக் கோட்பாடு வேதவாக்காயிற்று. 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட வழியில்லை என்று அரசாங்கமே கைவிரித்தது. கோட்பாடு கவிழ்ந்ததா என்று சம்மாட்டியார் ஒருவரிடம் கேட்டோம்.

"தம்பி, வெளிநாட்டுக்காரனுக்குத்தானே தரேலாது எண்டவங்கள். எனக்கில்லையே."

அதே சம்மாட்டியார் 20 வீதத்துக்கு மேல் வட்டி கிடைத்த அந்நாளில் பிரைவேட் ஒன்றிலும் நிலையான வைப்பு இட்டிருந்தார். மத்திய வங்கியின் வைப்புக் காப்புறுதி 11 இலட்சம் வரைதான் என்பதால் வட்டியோடு சேர்த்தும் அதைத் தாண்டாத தொகை. மனைவி பெயரில் இன்னொன்று. இத்தரவு எமது கருதுகோளுக்கு இடைஞ்சலாக இருப்பதால் மேற்கொண்டு ஆராயப்படவில்லை.

உண்மையான அளவுகோல் வேறு. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைபவர் முதலில் பார்ப்பது வட்டிப் பலகையை அல்ல. கவுன்டரில் இருக்கும் பிள்ளை ஆர்ட மகள் என்பதை. அது தெரிந்துவிட்டால் வரிசை எவ்வளவு நீண்டாலும் பொறுக்கலாம். குளிரூட்டி, டிசம்பர் கலண்டர் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்த அளவுகோலுக்குள் கைபேசிச் செயலி அடங்குமா என்பதே எண்ணிமக் காலத்தின் பெருஞ்சிக்கல். செயலிக்கு ஊர் இல்லை, தகப்பன் இல்லை. ஓ.டி.பி. பிந்தி வந்தால் யாரைப் பிடித்துக் கேட்பது? கோபம் ஒற்றை நட்சத்திரமாக இறங்குகிறது. சிக்னல் இல்லாத இடத்தில் போன் நின்ற குற்றமும் வங்கியின் தலையிலேயே விழுகிறது.

ஆகவே ஐந்து நட்சத்திரம் யார் இடுகிறார்கள் என்று தேடினோம். அகப்பட்டவர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். செயலியை அவர் ஒருநாளும் திறந்ததில்லை. கவுன்டர் பிள்ளைதான் போனை வாங்கி, ஆப்பைப் போட்டு, நட்சத்திரத்தையும் தானே இட்டுக் கொடுத்திருக்கிறது.

"அதுக்கு ஏதோ டார்கெட்டாம், பாவம். என்னோட படிப்பிச்ச சேரின்ர பேத்தி."

பத்தாம் திகதி ஓய்வூதியம் விழுந்ததும் அவருடைய போனுக்கு மெசேஜ் வருகிறது. உடனே பாஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் கிளைக்குப் போகிறார், மெசேஜ் சரியோ என்று அந்தப் பிள்ளையிடம் கேட்க.